முகக்கவசமும் மருத்துவப் பணியறமும்: தங்க வயல் தரும் சான்று

கோலார் தங்க வயலின் பழைய சுரங்க மருத்துவமனை இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அதை ஒட்டி மருத்துவமனையும் அடங்கிப்போனது. கொரோனாவின் இரண்டாம் அலை ஊரைச் சூழ்ந்த 2021 மே மாதத்தில், தன்னார்வலர்கள் புதர் வெட்டி, ஒட்டடை அடித்து, சுவர் வெளுத்து, அதே கூடங்களில் மீண்டும் கட்டில்களைப் போட்டார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் நெஞ்சகப் படங்களை ஒரு காலத்தில் எடுத்துப் பார்த்த அந்த மனைக்குள், இம்முறை மருத்துவரும் செவிலியரும் முகக்கவசத்தோடு நுழைந்தார்கள்.

மூச்சின் வழியே வரும் கேட்டை இந்த ஊர் அளவுக்கு நெருங்கி அறிந்த ஊர் நாட்டில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஆகவே மருத்துவப் பணியாளரின் முகக்கவசத்தைப் பற்றிய பேச்சைத் தங்க வயலிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன். முகக்கவசத்தைப் பலர் ஒரு கட்டளையாகவே பார்க்கிறார்கள். மேலதிகாரி வரும்போது மூக்குக்கு மேலே ஏறுவதும் அவர் போனதும் தாடைக்கு இறங்குவதும் அதனால்தான். ஆனால் நரம்பு தேடி ஊசி ஏற்றுவதைப் போலவே முகக்கவசம் அணிவதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழில்திறன். அத்திறனைத் தொழிலாளரிடம் எதிர்பார்க்கும் நிறுவனத்துக்கு அதனினும் பெரிய கடமை உண்டு. இவ்விரண்டையும் சுரங்கத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தங்க வயலில் பொன் படிகக்கல் நாளங்களில் பொதிந்து கிடந்தது. படிகக்கல் என்பது சிலிக்கா. அதைத் துளைக்கும்போதும் வெடிவைத்துத் தகர்க்கும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது பாதிக்கும் குறைவு. தெரிகின்ற பருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். சளியோடு அது வெளியேறும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்களோ எந்தத் தடையுமின்றி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்கும். மனித முடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்றால் அத்துகளின் நுண்மை விளங்கும். காற்றறையில் காவல் நிற்கும் விழுங்கு செல்கள் அத்துகளை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க இயலாமல் மடிகின்றன. மடிந்த செல்லிலிருந்து வெளிவந்த துகளை அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இவ்வாறு ஓயாது நிகழும் அழிவின் தழும்பாக நுரையீரலில் நார்த்திசு முடிச்சுகள் வளர்கின்றன. விரிந்து சுருங்க வேண்டிய உறுப்பு இறுகிப்போகிறது. தூசியிலிருந்து ஆளை விலக்கிய பின்னும் நோய் தொடரும். தழும்பை அகற்றும் மருந்து இன்று வரை இல்லை. இதுவே சிலிக்கோசிஸ்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது கோலார் தங்க வயலில், 1947-இல். ஆராயப்பட்ட தொழிலாளரில் 43.7 விழுக்காட்டினரிடம் நோய் காணப்பட்டதாக மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துரைக்கின்றன. ஐவரில் இருவருக்கும் மேல் என்பது அதன் பொருள். விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று.

சிலிக்கா தனியே வருவதில்லை. விழுங்கு செல்கள் முடங்கிய நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் வேரூன்றும். தூசி நோயும் காசநோயும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய நெஞ்சு, எந்தத் தங்கச் சுரங்க நகரிலும் மருத்துவர் நன்கு அறிந்த ஒன்று. சுரங்கத்தின் தூசி மருத்துவமனையின் காற்றுக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். தொழிலாளி சுரங்கத்தில் உள்ளிழுத்தது கல்லின் துகள். நோயாளியாகி வந்து கூடத்தில் இருமி வெளிவிட்டது கிருமியின் துகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன், இரண்டும் செல்லும் இடம் ஒன்றே. கட்டிலருகே நின்று நாடி பார்த்த செவிலியும், சளிக் கிண்ணத்தை எடுத்துச் சென்ற ஊழியரும், சுரங்கத்துக்குள் இறங்காமலே சுரங்கத்தின் கேட்டுக்கு உள்ளாயினர்.

தூசியை எதிர்த்து உலகெங்கும் சுரங்கப் பொறியாளர் கண்ட முதல் வழி முகக்கவசமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். உளித்தண்டின் நடுவே துளையிட்டு, அதன் வழியே நீரைச் செலுத்தி, பாறையின் வாயிலேயே தூசியைச் சேறாக்கினார்கள். ஈரத்துளைப்பு என்பது இதுதான். வெடிவைத்தபின் புகையும் தூசியும் அடங்கும் வரை ஆட்களை அங்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள். பெரும் விசிறிகளால் புதுக்காற்றைக் கீழே செலுத்தினார்கள். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்றது; அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல். அவ்வெக்கையில் முகத்தை இறுகக் கட்டிக்கொண்டு ஒருவன் முழு வேலைநேரமும் துளைப்பான் பிடிப்பான் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது. மூலத்தில் தடு, காற்றை மாற்று, ஆளை விலக்கு, எஞ்சியதற்கு முகத்தை மூடு. தொழில்நலவியல் இன்றும் கற்பிக்கும் வரிசை இதுவே.

மருத்துவமனைக்கும் அதே வரிசைதான். காசநோயாளிக்குச் சாளரம் திறந்த, எதிரெதிரே காற்று பாயும் கூடம் வேண்டும். இருமும் நோயாளியின் வாயிலும் மூக்கிலும் அறுவை முகக்கவசம் இருந்தால் துகள் மூலத்திலேயே குறையும். அதன் பின்னரே பணியாளர் அணியும் என்95 எனும் வடிகட்டிக் கவசம். சாளரங்களை அடைத்துக் குளிரூட்டியைப் போட்டுவிட்டு, முகக்கவசம் சரியாக அணியவில்லை என்று செவிலியரைக் கடிந்துகொள்ளும் நிர்வாகம் தன் கடமையைப் பிறர் முகத்தில் கட்டிவிடுகிறது. சினமூட்டும் இந்த வழக்கம் நம் நாட்டில் அரிதன்று.

என்95 கவசத்தின் முன்னோடிக் கருவிகளும் சுரங்கத்திலிருந்து வந்தவை என்பது பலர் அறியாதது. தூசி வடிக்கும் மூச்சுக்கருவிகளைச் சோதித்து ஒப்புதல் வழங்கும் விதிகளை அமெரிக்கச் சுரங்கத்துறை 1934-இல் வகுத்தது. பாறைத்தூசி உண்ணும் தொழிலாளருக்காக எழுந்த விதிகள் அவை. அறுபதாண்டு கழித்து, மருந்துக்கு அடங்காத காசநோய் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவி, மருத்துவப் பணியாளர்களே நோயுற்ற பிறகுதான் இத்தகைய கருவி மருத்துவமனைக்கும் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1995-இல் வந்த புதிய தரவரிசையில் என்95 என்ற பெயர் நிலைபெற்றது. கல் உடைப்பவனுக்காகக் கண்டது மருத்துவனைக் காக்க வந்த வரலாறு இது.

அக்கவசம் வேலை செய்யும் முறையைச் சற்று நின்று பார்ப்போம். பலரும் அதை ஒரு சல்லடை என்றே எண்ணுகிறார்கள்: கண்ணைவிடப் பெரியது நிற்கும், சிறியது நழுவும் என்று. அதன் இழைகளுக்கிடையே உள்ள வெளியோ துகள்களைவிடப் பன்மடங்கு பெரிது. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப மாட்டாமல் இழையில் மோதி ஒட்டுகிறது. மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தாறுமாறாக அலைந்து இழையில் படுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட, 0.3 மைக்ரான் அளவிலான துகளே தப்பிச்செல்ல வல்லது. அதனால்தான் சோதனை அந்த அளவில் நடக்கிறது. அவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் பிடித்தால்தான் அந்தப் பெயர் கிட்டும். உருக்கி ஊதிய நெகிழி இழைகளுக்கு நிலையான மின்னூட்டம் ஏற்றியதால் மூச்சுக்குத் தடை கூடாமல் துகளை ஈர்க்கும் ஆற்றல் பெருகியது; தைவானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் சாயின் ஆய்வு இதில் தலையாயது. துவைத்தாலோ சாராயத்தால் துடைத்தாலோ அம்மின்னூட்டம் கெடும். கவசத்தைச் சோப்பு நீரில் அலசிக் கொடியில் காயப்போட்ட பணியாளர்கள் தூய்மையை நாடியே அவ்வாறு செய்தார்கள்; அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

எத்துணை நல்ல இழையாயினும், முகத்துக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி இருந்தால் காற்று எளிய வழியைத்தான் தேடும். தேர்ந்த செவிலி ஒருவர் கவசம் அணிவதைக் கூர்ந்து பாருங்கள். கிண்ணப்பகுதியை உள்ளங்கையில் ஏந்தித் தாடைக்கு அடியில் பொருத்துகிறார். மேல்வாரை உச்சந்தலைக்குப் பின்னும் கீழ்வாரைக் காதுக்குக் கீழே கழுத்துக்குப் பின்னும் இழுத்துவிடுகிறார். வார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதில்லை. மூக்குத்தண்டின் உலோகப் பட்டையை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திச் செல்கிறார். ஒரு கையால் கிள்ளினால் அங்கே கூர்முனை விழுந்து காற்று கசியும். பின் இரு கைகளாலும் கவசத்தைப் பொத்தி வலுவாக மூச்சை விடுகிறார். கண்ணிமையில் காற்றுப் பட்டால் மீண்டும் பட்டையை அழுத்துகிறார். மூச்சை உள்ளிழுக்கும்போது கவசம் சற்றே உள்வாங்கினால்தான் நிறைவு. இவை அனைத்துக்கும் அரை நிமிடம் போதும். தாடியுள்ள முகத்தில் இப்பொருத்தம் கிட்டுவதில்லை என்பதையும், ஓர் அளவு எல்லா முகத்துக்கும் ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்வாரை முதலிலும் மேல்வாரைப் பின்னரும் எடுத்து, கைகழுவுவது வரை இத்திறனில் அடங்கும்.

திறமை மிக்கவருக்கு இது தேவையில்லை என்ற செருக்கு எங்கே கொண்டு விடும் என்பதற்கு மஞ்சூரியா சான்று. 1910-11 குளிர்காலத்தில் அங்கே நுரையீரல் கொள்ளைநோய் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேரைக் கொன்றது. நோயைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் ஊ லியன் தே. தமிழர் பல தலைமுறைகளாக வாழும் பினாங்குத் தீவில் பிறந்த சீனர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், வயது முப்பத்தொன்று. நோய் எலித் தெள்ளால் மட்டுமன்றி மனிதரின் மூச்சாலும் பரவுகிறது என்று கண்டு, பஞ்சை இடையே வைத்து மடித்த மெல்துணிக் கவசத்தை மருத்துவரும் நோயாளியும் அணியச் செய்தார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால் மெனி இளையவரான சீனர் ஒருவரின் கூற்றை ஏற்க மறுத்துக் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயால் மாண்டார். அதன்பின் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கவசம் அணியாதவரைக் காண்பதே அரிதாயிற்று. துறையின் மூத்தவர் ஒருவர் கூடத்துக்குள் கவசத்தைக் கழற்றினால், அங்கே நிற்கும் பயிற்சி மருத்துவர், செவிலியர், கடைநிலை ஊழியர் அனைவருக்கும் அதுவே பாடமாகிவிடுகிறது. அறிவுரைப் பலகை எதனாலும் அதைத் திருத்த முடியாது.

நிறுவனங்களும் பிழைக்கு அப்பாற்பட்டவையல்ல. கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் இறுதியில் அழுத்தமாக அறிவித்தது. ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்ட துளி உடனே தரையில் விழும், அதற்குக் கீழானது மட்டுமே காற்றில் மிதக்கும் என்ற கோட்பாடு அதற்குத் துணை நின்றது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் துகளின் அளவு ஐந்து மைக்ரான் என்று வரையறுத்தது 1959-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய தூசி நோய் மாநாடு. தங்க வயலைப் போலவே பொன்னால் எழுந்த நகரம் அது. காற்றறையை எட்டும் அளவு என்று சுரங்கத் தூசியிலும் காசநோயிலும் பொருந்தி வந்த எண்ணை, காற்றில் மிதக்கும் அளவு என்று மருத்துவம் மயங்கிக் கொண்டது. ஐம்பது மைக்ரான் துளிகூடச் சற்று நேரம் மிதந்து செல்ல வல்லது. பல பணியாளர் இம்மயக்கத்தின் விலையாக மெல்லிய அறுவை முகக்கவசத்தோடு நோயாளிகளின் நடுவே நின்றார்கள். 2024 ஏப்ரலில் அந்நிறுவனமே ஐந்து மைக்ரான் பாகுபாட்டைக் கைவிட்டு, மூச்சுவழித் தொற்றுத் துகள் எல்லாவற்றையும் ஒரே தொடராகக் காணும் புதிய சொல்லாட்சியை வெளியிட்டது. காலந்தாழ்ந்ததே எனினும் நேர்மையான திருத்தம்.

முகக்கவசத்துக்கும் ஒரு விலை உண்டு; அதை மறைப்பது பொருந்தாது. செவித்திறன் குன்றிய முதியவர் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர். அவருக்கு மூடிய வாய் மூடிய கதவு. அச்சத்தோடு வந்த தாய்க்கு மருத்துவரின் முகம் தெரியாததும் குறையே. நெஞ்சில் பெரிய எழுத்தில் பெயரும் பணியும் எழுதிய அட்டை, அருகே நின்று மெதுவாகப் பேசும் குரல், சொன்னதை நோயாளியே திருப்பிச் சொல்லக் கேட்டல், தேவைப்படும்போது தாளில் எழுதிக் காட்டுதல் ஆகியவை அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்யும். கவசத்தைக் கழற்றி நெருங்குவது அன்பாகத் தோன்றலாம். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிக்கு அந்த அன்பு தீங்காகவும் முடியக்கூடும்.

இன்றைய தங்க வயலில் துளைப்பான்கள் ஓய்ந்துவிட்டன. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த கல்மாவு, சயனைடு மேடுகள் எனப்படும் குன்றுகளாக ஊருக்குள்ளேயே குவிந்து கிடக்கிறது. கோடைக்காற்று எழும்போது அந்த வெண்துகள் வீட்டுக்கூரைகளின் மேல் படிகிறது. சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு இறுகிய முதியவர்களும் இன்னும் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். அவர்கள் இருமும் கூடத்தில் தரையைத் துடைப்பவர், விரிப்பை மாற்றுபவர், சளி மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். நாடெங்கும் என்95 மருத்துவருக்கும் துணிக்கவசம் துப்புரவுப் பணியாளருக்கும் என்று பங்கிடும் வழக்கம் கொரோனாக் காலத்தில் கண்கூடாக இருந்தது. காற்று பதவி பார்ப்பதில்லை. கூடத்தில் நெடுநேரம் குனிந்து நிற்பவர் துடைப்பம் பிடிப்பவரே. பொருத்தச் சோதனைக்குக் கசப்புச் சுவையுள்ள தெளிப்பும் ஒரு மூடியும் போதும்: கவசம் அணிந்தவர் தலைமேல் மூடியைக் கவிழ்த்து, உள்ளே தெளித்து, பேசவும் தலையை அசைக்கவும் சொல்ல வேண்டும், நாவில் கசப்புத் தெரிந்தால் கவசம் பொருந்தவில்லை, வேறு அளவு தர வேண்டும். ஆளுக்கு அரைமணிக்கும் குறைவாகவே பிடிக்கும் இச்சோதனையை, காசநோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் துப்புரவுப் பணியாளரிடமிருந்தே தொடங்க வேண்டும்.