எந்தக் கேலன்? எவ்வளவு நேரத்தில்?

ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். 1962-ஆம் ஆண்டு ஜொகூர் மாநில அரசும் சிங்கப்பூர் நகர மன்றமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உள்ள எண் இது. அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆகவே இந்த 250 மில்லியன் கேலனை நீங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குச் செய்தியில் கேட்கப் போகிறீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் கேலனே இருக்காது. மாதத்துக்கு இத்தனை கனமீட்டர் என்றுதான் இருக்கும். மலேசியாவில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பற்றிய செய்தியில் "நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர்" என்று வரும். இணையத்தில் வாங்கிய ஷவர் பெட்டியில் "2.5 ஜிபிஎம்", அதாவது நிமிடத்துக்கு 2.5 கேலன், என்று அச்சிட்டிருக்கும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியில் மேட்டூர் அணைக்கு வரும் தண்ணீரை "விநாடிக்கு இத்தனை கன அடி" என்பார்கள். எல்லாமே தண்ணீரைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறதா?

"கைப்பேசியில் தட்டினால் விடை வந்துவிடுமே, சார்!" என்று வகுப்பில் ஒரு குரல் எழுவது வழக்கம். வரும்தான். ஆனால் கைப்பேசி உங்களைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கும்: எந்தக் கேலன்? அமெரிக்கக் கேலனா, இம்பீரியல் கேலனா? பட்டியலில் முதலில் தெரிவதைத் தொட்டுவிட்டு விடையை எழுதினால், ஆறில் ஒரு பங்கு தண்ணீர் காணாமல் போய்விடக்கூடும். அது எப்படி என்று பார்ப்போம்.

பாய்வு வீதம் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு கொள்ளளவு நீர்மம் கடந்து செல்கிறது என்பதே பாய்வு வீதம். கொள்ளளவை நேரத்தால் வகுத்தால் கிடைக்கும்.

இதை இன்றே வீட்டில் அளந்து பார்க்கலாம். 10 லிட்டர் வாளி ஒன்றைக் குழாயின் கீழ் வைத்துத் திறந்துவிடுங்கள். வாளி நிரம்ப 75 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டரை 75 விநாடியால் வகுத்தால், விநாடிக்கு ஏறக்குறைய 0.133 லிட்டர். (அளந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள்.)

அதே குழாய் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தரும்? நிமிடத்துக்கு 60 விநாடி. 60-ஆல் பெருக்கினால் 8 லிட்டர். ஒரு மணி நேரத்தில்? மறுபடியும் 60-ஆல் பெருக்கினால் 480 லிட்டர், அதாவது 0.48 கனமீட்டர்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 60 விநாடி ஒரு நிமிடம் என்பதால், விநாடியை நிமிடமாக்க 60-ஆல் வகுக்க வேண்டும் என்று கை தானாகவே போகும். நேரத்தை மட்டும் மாற்றும்போது அது சரி. பாய்வு வீதத்தில் நேரம் கீழே, பகுதியில் இருக்கிறது. அதனால் வகுத்தல் பெருக்கலாகிவிடும். சூத்திரம் மறந்துபோனால் இப்படி யோசியுங்கள்: குழாயை நெடுநேரம் திறந்துவைத்தால் தண்ணீர் கூடுமா, குறையுமா? கூடும். ஆகவே நிமிடத்துக்கான எண், விநாடிக்கான எண்ணைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு அளவு

அடுத்து, மேலே இருக்கும் கொள்ளளவு. லிட்டரில் குழப்பமில்லை, உலகெங்கும் ஒரே லிட்டர். கேலன் அப்படியல்ல.

முன்பு இங்கிலாந்தில் பொருளுக்கு ஒரு கேலன் இருந்தது. திராட்சை மதுவை அளக்க ஒன்று, பீரை அளக்க வேறொன்று. மதுக் கேலனின் அளவு 231 கன அங்குலம் என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராணி ஆன் காலத்தில், சட்டம் வகுத்தார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களும் அதைப் பயன்படுத்தின. விடுதலை பெற்ற பிறகும் அமெரிக்கா அதையே வைத்துக்கொண்டது. இன்றைய அமெரிக்கக் கேலன் அதுதான்: 3.785 லிட்டர்.

பிரிட்டன் 1824-இல் பழைய கேலன்களைக் கைவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கியது. 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதுவே இம்பீரியல் கேலன். இன்று அதன் அளவு 4.54609 லிட்டர். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது இந்தக் கேலன்தான். 1970-களில் நம் இரு நாடுகளும் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கின. என்றாலும் 1962 ஒப்பந்தத்தில் எழுதிய கேலன் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் தண்ணீர்த் தேவையை இன்றும் நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் கேலன் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

1-ஆல் பெருக்கும் வித்தை

அலகு மாற்றுவதற்கு நம்பகமான வழி ஒன்று உண்டு. 1 இம்பீரியல் கேலனும் 4.546 லிட்டரும் ஒரே அளவு. எனவே 4.546 லிட்டரை 1 கேலனால் வகுத்தால் விடை 1. எந்த அளவையும் 1-ஆல் பெருக்கினால் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். நீக்க வேண்டிய அலகு மேலே இருந்தால், பின்னத்தில் அதைக் கீழே வையுங்கள். அது கீழே இருந்தால், மேலே வையுங்கள். இரண்டும் அடிபட்டுப் போகும்.

250 மில்லியன் கேலனை விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று மாற்றுவோம். கொள்ளளவையும் நேரத்தையும் ஒரே அடியில் மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

முதல் படி, கொள்ளளவு:
250 மில்லியன் கேலன் × 4.546 = 1,136.5 மில்லியன் லிட்டர் (நாளொன்றுக்கு)

இரண்டாம் படி, லிட்டரிலிருந்து கனமீட்டர். 1 கனமீட்டருக்கு 1,000 லிட்டர்:
1,136.5 மில்லியன் ÷ 1,000 = 1,136,500 கனமீட்டர் (நாளொன்றுக்கு)

மூன்றாம் படி, நேரம். ஒரு நாளில் 24 × 60 × 60 = 86,400 விநாடி:
1,136,500 ÷ 86,400 = 13.15 கனமீட்டர் (விநாடிக்கு)

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவு 2,500 கனமீட்டர். இந்த வேகத்தில் தண்ணீர் வந்தால் அது நிரம்ப 190 விநாடி போதும். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். "250 மில்லியன் கேலன்" என்று படிக்கும்போது வெறும் பெரிய எண்ணாகத் தெரிந்தது இப்போது கண்முன் ஓடுகிறது அல்லவா?

கேலன் மாறினால் என்ன ஆகும்?

அதே கணக்கை அமெரிக்கக் கேலனில் போட்டால் 250 × 3.785 = 946 மில்லியன் லிட்டர்தான் வரும். வித்தியாசம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 190 மில்லியன் லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால், 1.27 மில்லியன் பேரின் தண்ணீர் அது! குளிக்க, சமைக்க, துணி துவைக்க அத்தனை பேருக்கும் வேண்டிய தண்ணீர், கணக்கில் ஒரு சொல்லைக் கவனிக்காததால் மறைந்துவிடுகிறது. நீர்த்தேக்கமும் சுத்திகரிப்பு நிலையமும் திட்டமிடுகிறவர்கள் "கேலன்" என்று மட்டும் எழுதி நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கேலன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்தியில் "கேலன்" என்று மட்டுமே இருந்தால், துப்பறியலாம். அதே அளவை வேறு அலகில் எங்காவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரின் ஒரு நாள் தண்ணீர்த் தேவை பற்றிப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு இது: 430 மில்லியன் கேலன், அதாவது 782 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் நிரம்பும் அளவு. ஒரு குளத்துக்கு 2,500 கனமீட்டர் என்றால் 782 குளங்களுக்கு 1,955,000 கனமீட்டர். அதாவது 1,955 மில்லியன் லிட்டர். அதை 430 மில்லியனால் வகுத்தால் 4.547. பிடிபட்டுவிட்டது! இது இம்பீரியல் கேலன்.

நம் ஊரில் எல்லாமே இம்பீரியல் கேலன்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்ரோலிய உற்பத்தியை "நாளொன்றுக்கு இத்தனை பீப்பாய்" என்று படித்திருப்பீர்கள். உலக எண்ணெய்ச் சந்தையில் ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்கக் கேலன். 42 × 3.785 = 159 லிட்டர். ஆக, ஒரே நாளிதழில் தண்ணீர்ச் செய்தியில் ஒரு கேலன் இருக்கலாம்; எண்ணெய்ச் செய்தியில் இன்னொரு கேலன் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கலாம்.

கன அடியில் ஒரு பொறி

1 மீட்டர் = 3.28 அடி. இது பலருக்கு மனப்பாடம். அப்படியானால் 1 கனமீட்டர் 3.28 கன அடியா? இல்லை. கனமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் மாற்ற வேண்டும்: 3.28 × 3.28 × 3.28 = 35.3 கன அடி. 3.28-ஐ ஒரே ஒருமுறை பெருக்கிவிட்டு நிறுத்தினால், விடை பத்து மடங்குக்கு மேல் குறைந்துவிடும்.

மறுபக்கம் பார்த்தால், 1 கன அடி என்பது 28.3 லிட்டர். மேட்டூருக்கு விநாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் வருகிறது என்று செய்தி சொன்னால், அது விநாடிக்கு 283,000 லிட்டர், அதாவது 283 கனமீட்டர். நாம் மேலே கணக்கிட்ட 13.15 கனமீட்டரைப் போல இருபது மடங்குக்கும் அதிகம். அலகு ஒன்றான பிறகுதான் இப்படி ஒப்பிட முடிகிறது.

கேலன் கீழே இருந்தால்?

1962 ஒப்பந்தத்தின்படி சுத்திகரிக்கப்படாத தண்ணீரின் விலை 1,000 கேலனுக்கு 3 சென். ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு? இங்கே கேலன் பகுதியில் இருக்கிறது. 1,000 கேலன் = 4,546 லிட்டர் = 4.546 கனமீட்டர். ஆகவே 3-ஐ 4.546-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.66 சென். அதே 4.546-தான், முன்பு பெருக்கினோம், இப்போது வகுக்கிறோம். பெருக்குவதா வகுப்பதா என்பதை எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலகு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. அமெரிக்காவில் தயாரான ஷவரில் நிமிடத்துக்கு 2.5 கேலன் என்று இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

2. ஒரு நிலையம் நாளொன்றுக்கு 10 மில்லியன் இம்பீரியல் கேலன் தண்ணீர் தருகிறது. விநாடிக்கு எத்தனை லிட்டர்?

3. ஓர் ஆற்றில் விநாடிக்கு 100 கன அடி தண்ணீர் ஓடுகிறது. விநாடிக்கு எத்தனை கனமீட்டர்?

4. சிங்கப்பூர் சுத்திகரித்த தண்ணீரை ஜொகூர் 1,000 கேலனுக்கு 50 சென் என்று வாங்குகிறது. கனமீட்டருக்கு எத்தனை சென்?

விடைகள்: (1) 9.46 லிட்டர். (2) 526 லிட்டர். (3) 2.83 கனமீட்டர். (4) 11 சென்.

முதல் கணக்கில் உங்களுக்கு 11.4 லிட்டர் வந்திருந்தால், பெருக்கலில் பிழை தேட வேண்டாம். ஷவர் எந்த நாட்டில் செய்தது என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.