பதநீர்க் கலயத்தில் கசடு சேராமற் காத்தல்

காரைக்காலுக்கு வடக்கே மண்டபத்தூர் போன்ற மணற்பாங்கான கடலோர ஊர்களில் பனையுடைய நிலக்காரர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. பதநீர் புளித்துக் கெடுவது பெரும்பாலும் மரத்தின் குற்றமன்று, கலயத்தின் குற்றமே.

பாளைச் சீவல், பூந்தாது, எறும்பு, தேனீ முதலியன கலயத்தில் விழுந்து அடியில் தங்கும். அக்கசட்டில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பெருகி, மறுநாள் இறங்கும் பதநீரையும் புளிக்கச் செய்யும். புளித்த பதநீரில் சர்க்கரை சிதைந்துவிடுவதால், எவ்வளவு காய்ச்சினும் வெல்லம் இறுகாது. விறகும் உழைப்பும் வீணாம்.

பரிகாரம் எளிது. கலயத்தை நாள்தோறும் வெந்நீரிற் கழுவி வெயிலில் உலர்த்தி, உட்புறம் சுண்ணாம்பு தடவுதல் வேண்டும். பதநீரை இறக்கியவுடன் முதலிற் பன்னாடையாலும், பின்னர் மெல்லிய துணியாலும் வடிகட்டுக. பெருங்கசட்டைப் பன்னாடை தடுப்பதால் துணி அடைபடாது. சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் கொப்பரையில் ஊற்றுக. பன்னாடையையும் துணியையும் அன்றன்றே கழுவாவிடின் அவையே புளிப்புக்கு இருப்பிடமாகும்.

மேனாடுகளில் வீட்டிற் பீர் காய்ச்சுவோர் பலர், ஹாப் பூவின் துகள் குழாயை அடைக்காதிருக்க அப்பூவைத் துணிப்பையிலிட்டே கொதிக்கவிடுகின்றனர். கசடு உட்புகுந்தபின் நீக்குவதினும் புகாமற் காப்பதே எங்கும் இலாபம்.

ஒரு கலயம் மரத்தில் இருக்க மற்றொன்று உலரும்படி, பாளைக்கு இரண்டு கலயம் வீதம் நிலக்காரர்கள் பனையேறிகளுக்கு அளிப்பது நலம். கிராம அதிகாரிகளும் இம்முறையை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.