வாத்தியார் ஜெயித்த பிறகு வந்த போலீஸ்

2024 செப்டம்பர் இரண்டாவது வாரம். பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய டீக்கடையில் காலை நேரக் கூட்டம். கடற்கரையில் நடந்துவிட்டு வந்தவர்கள் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். “தூக்கி உள்ள வெச்சாங்க பாத்தீங்களா சார்? இனிமே எவனாவது ஸ்கூலுக்கு வந்து போன ஜென்மம், முன்வினைன்னு வாயைத் தொறப்பானா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது.

நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 28 அன்று அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ‘பரம்பொருள்’ அறக்கட்டளையின் மகாவிஷ்ணு அழைக்கப்பட்டார். அவர் பேச்சு மறுபிறவிக்குத் தாவியது. கை கால் இல்லாமல், கண் தெரியாமல் சிலர் பிறப்பது போன பிறவியில் செய்ததன் பலன் என்றார். அந்தக் கூடத்திலேயே பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் வந்து இதையெல்லாம் எப்படிப் பேசலாம் என்று அவர் எழுந்து கேட்டார். பேச்சாளர் எகிறினார். ஆசிரியர் பின்வாங்கவில்லை. அந்த வீடியோதான் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. பள்ளியின் தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். மாற்றுத் திறனாளிகளை இழிவுபடுத்தியதாகப் புகார் பதிவானது. செப்டம்பர் 7 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய மகாவிஷ்ணு சென்னை விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டுப் புழல் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஜாமீன் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது.

அவர் சொன்ன கருத்தை நான் வெறுக்கிறேன். அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் என் தங்கைக்குப் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. ஊரிலிருந்து வந்த அத்தை குழந்தையின் காலைத் தடவிவிட்டு, “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “பாவம் பண்ணது குழந்தை இல்ல அண்ணி. வேளைக்குச் சொட்டு மருந்து குடுக்காம விட்ட நாமதான்” என்றாள். அத்தைக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆகவே மகாவிஷ்ணுவுக்கு அந்த மேடையைக் கொடுத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. பொதுக்கூட்டம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். வகுப்பு வாரியாக உட்கார வைக்கப்பட்ட மாணவிகளால் அது முடியாது. அவரை உள்ளே விட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது நியாயம். யாருக்கும் அரசுப் பள்ளி மேடை பிறப்புரிமை அல்ல.

ஆனால் மேடை மறுப்பது ஒன்று, சிறையில் அடைப்பது வேறொன்று. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, அவர்களைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை தருகிறது. அவசியமான சட்டம். ஆனால் அது தண்டிப்பது இழிவுபடுத்தும் நோக்கத்தை. கர்மவினைத் தத்துவம், எவ்வளவு குரூரமாக நம் காதில் விழுந்தாலும், கோடிக்கணக்கானவர்களின் நம்பிக்கை. ஆசிரியரிடம் அவர் நடந்துகொண்ட விதத்தில் அவமதிப்பு இருந்தது என்றால் அதை விசாரிக்கலாம். நோட்டீஸ் கொடுத்து வரவழைத்தே விசாரிக்கலாம். ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே, அர்னேஷ் குமார் வழக்கில், சொல்லிவிட்டது.

இதில் பகுத்தறிவாளர்கள் கைதட்டியதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த விலங்கு அவர்களுக்குப் பழக்கமானது. பகத் சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழில் தந்ததற்காக 1930-களில் ஜீவானந்தம் கைதானார். வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார். பெரியாரின் ராமாயண நூலை லலாய் சிங் யாதவ் இந்தியில் வெளியிட்டார். மத உணர்வைப் புண்படுத்துவதாகச் சொல்லி உத்தரப் பிரதேச அரசு 1969-ல் அதைப் பறிமுதல் செய்தது. காரணத்தை ஒழுங்காகச் சொல்லாமல் ஒரு புத்தகத்தைப் பறிக்க முடியாது என்று அந்த அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1976 செப்டம்பரில். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் அது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

பெரியார் சிலைகளின் பீடத்தில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை அகற்ற வேண்டும் என்று ஒருவர் தொடுத்த வழக்கையும் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுள் உண்டு என்று சொல்ல மனுதாரருக்கு எந்தச் சட்டப் பிரிவு உரிமை தருகிறதோ, அதே 19-வது பிரிவுதான் இல்லை என்று சொல்பவருக்கும் உரிமை தருகிறது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வாசகங்களைக் காப்பாற்றிய பிரிவு மகாவிஷ்ணுவுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

இதைவிட அழகான முன்னுதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 1925 மே 2 அன்று ஈரோட்டில் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். அவர் ஒரு சைவ மடாதிபதி. பின்னாளில் அந்த இதழ் சைவத்தையும் விட்டுவைக்கவில்லை. மறுப்புகளும் மேடைகளிலும் அச்சிலும்தான் வந்தன.

அசோக் நகரிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. மாணவிகள் ஒரே நாளில், ஒரே கூடத்தில், ஒரு கருத்தையும் அதற்கான பதிலையும் கேட்டார்கள். பார்வையற்ற ஒரு வாத்தியார், யார் துணையும் இல்லாமல், மைக் பிடித்த ஒருவரைக் கேள்வியால் நிறுத்தினார். எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத பாடம் அது. பத்தே நாளில் போலீஸ் குறுக்கே வந்ததும் பேச்சு மாறிப்போனது. ஆசிரியரின் கேள்வி ஓரமாகப் போய், பேச்சாளரின் சிறைவாசம் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவர் ஆதரவாளர்களுக்கு அவர் ஒரு தியாகியாகிவிட்டார்.

அத்தையை யாரும் கைது செய்யவில்லை. 1995-ல் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கியபோது, தன் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வரிசையில் போய் நின்றாள். இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. அதைப் பார்க்க அத்தை இல்லை. முன்வினையைச் சாகும்வரை நம்பினாள்தான். ஆனால் சொட்டு மருந்து ஞாயிறு ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை.