கணிப்பொறிக்குப் பெயர் தெரியாது

எங்கள் ஊர் நெல் மண்டியில் என் தந்தை மூட்டை தூக்குகிறார். அங்கே மூட்டையின்மேல் விவசாயியின் பெயரை எழுத மாட்டார்கள். மையால் ஓர் எண்ணைத்தான் எழுதுவார்கள். 112 யாருடையது என்பது கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இருக்கும். அதே மூட்டை வேறொரு மண்டிக்குப் போனால், அங்குள்ள பேரேட்டில் 112 வேறு யாரோ ஒருவர்!

லினக்ஸ் கணிப்பொறியும் இந்த மண்டியைப் போன்றதே என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்து அறியவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்ற பருவத்தில் நம் ஆய்வுக்கூடத்தில் பழைய கணிப்பொறி ஒன்று பழுதானது. அதன் வன்தட்டைக் கழற்றிப் புதிய கணிப்பொறியில் பொருத்தினேன். எங்கள் வகுப்பின் செய்முறைப் பணிகள் அனைத்தும் அதிலிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். மென்பொருளோ, "தரவுக் கோப்பகத்தின் உரிமையாளர் சரியில்லை" என்று இயங்க மறுத்தது. பட்டியலிட்டுப் பார்த்தால், உரிமையாளராக அச்சுப்பணிக்கான கணக்கின் பெயர் நின்றது! கோப்புகளை எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் அதையும் ஏற்காது. பூட்டாத வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்னும் குணம் அதற்கு.

காரணம் இதுதான். லினக்ஸ், கோப்பின்மேல் உரிமையாளரின் எண்ணை மட்டுமே பதிக்கிறது. பெயருக்கும் எண்ணுக்குமான பேரேடு 'பாஸ்வேட்' என்னும் கோப்பு. ஒவ்வொரு கணிப்பொறியிலும் தனித்தனியே இருப்பது. தரவுத்தளத்தை நிறுவும்போது காலியாக உள்ள ஓர் எண்ணை நிறுவி தானே எடுத்துக்கொள்ளும். பழையதில் 112, புதியதில் 117. உரிமையை மாற்றும் ஒற்றை வரிக் கட்டளையில் எல்லாம் சரியாயிற்று. ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது.

அப்படியானால் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே பேரேடு வைத்தால் என்ன? இந்த எண்ணம் பழையது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களிலேயே 'எல்லோ பேஜஸ்' என்ற பெயரில் இத்தகைய முறையைக் கொண்டுவந்தது. அப்பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால், பின்னர் என்.ஐ.எஸ். எனப் பெயர் மாற்றப்பட்டது. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எல்டாப் என்னும் நெறிமுறை இன்று பரவலாக வழங்குகிறது. ஒரு மாணவர் படிப்பை முடித்துச் சென்றால் முப்பது கணிப்பொறிகளில் தேடித்தேடி அவர் கணக்கை நீக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் நீக்கினால் போதும்.

ஆனால் தரவுத்தளத்தின் சொந்தக் கணக்கையும் அங்கே வைக்கலாமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். மின்சாரம் போய் வந்தபின் வலையமைப்பு எழுமுன்பே தரவுத்தளம் எழ முயன்றால், 'போஸ்ட்கிரெஸ் யார்?' என்று கேட்க ஆளிருக்காது. மேலும், மையப் பேரேட்டில் அப்பெயர் ஏற்கெனவே இருந்தால், கணக்குத் தொடங்கும் கட்டளை உள்ளூரில் அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்க மறுத்துவிடும்.

ஆரக்கிளில் இன்னொரு நுட்பம் உண்டு. 'டிபிஏ' என்னும் குழுவில் உள்ளவர், அந்தக் கணிப்பொறியில் நுழைந்துவிட்டால், தரவுத்தளத்தின் கடவுச்சொல் இல்லாமலே அதன் நிருவாகியாகிவிடலாம். அக்குழுவின் பட்டியல் மையப் பேரேட்டில் இருந்தால், பேரேட்டைத் திருத்துபவர் கையில் கருவூலச் சாவியும் சேர்ந்தே போகிறது. பல கணிப்பொறிகள் சேர்ந்து ஒரே ஆரக்கிள் தரவுத்தளத்தை இயக்கும் அமைப்பிலோ, 'ஆரக்கிள்' கணக்கின் எண் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

ஆகவே மனிதர்களின் கணக்குகள் மையத்தில். தரவுத்தளத்தின் கணக்கு அந்தந்தக் கணிப்பொறியில், ஆனால் எங்கும் ஒரே எண்ணில். நிறுவுவதற்கு முன்பே அந்த எண்ணுடன் கணக்கைத் தொடங்கிவிட்டால், நிறுவி அதையே எடுத்துக்கொள்ளும். நம் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்கிரெசுக்கு 600 என்று வைத்திருக்கிறோம். கதவின் உட்புறம் ஒட்டியுள்ள தாளில் அது எழுதப்பட்டிருக்கிறது, கையெழுத்து என்னுடையது.