சிறப்பிதழ் வாசலில் காவல் இருக்கிறதா?

தீபாவளி மலர் எப்படித் தயாராகும் என்பது நமக்குத் தெரியும். ஒரு கருப்பொருள், ஒரு கெடு தேதி, எழுதச் சொல்லி அழைக்கப்படும் சிலர். ஆய்விதழ்களும் இப்படிச் சிறப்பிதழ்கள் வெளியிடுகின்றன. மலரில் ஒரு கதை சுமாராக இருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். ஆய்விதழில் வரும் கட்டுரை பொய்யாக இருந்தால், அதை நம்பி அடுத்த ஆய்வு நடக்கும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியோடு நம் வாட்ஸ்அப் வரை அது வந்து சேரலாம்.

இதைத் தடுக்கத்தான் சக மதிப்பாய்வு. ஒரு கட்டுரை வந்ததும், அந்தத் துறையை நன்கு அறிந்த, எழுதியவரோடு நெருங்கிய தொடர்பில்லாத இரண்டு மூன்று பேரிடம் அதை அனுப்புகிறார்கள். முறை சரியா, கணக்கு சரியா, முடிவுக்கு ஆதாரம் போதுமா என்று அவர்கள் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் சொல்வதைப் பொறுத்துக் கட்டுரை ஏற்கப்படும், திருத்தத்துக்குத் திரும்பும், அல்லது நிராகரிக்கப்படும்.

சிறப்பிதழில் ஒரு மாற்றம் உண்டு. கருப்பொருளை முன்மொழிபவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் விருந்தினர் ஆசிரியர். கட்டுரைகளைத் திரட்டுவதும், பல இதழ்களில் மதிப்பாய்வாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். இதில் நன்மை இருக்கிறது. துறையின் உள்விவரம் தெரிந்தவர் என்பதால், சிதறிக் கிடக்கும் புதிய ஆய்வுகளை ஒரே இடத்தில் சேர்த்துவிடுவார். ஆனால் அழைப்பவரும் அவரே, தேர்வாளர்களை அமர்த்துபவரும் அவரே என்றால் யார் கேள்வி கேட்பது?

வானொலியில் நாங்கள் விருந்தினரை அழைத்துப் பேச வைப்போம். ஆனால் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிலையம்தான் பொறுப்பு. நல்ல ஆய்விதழும் அப்படித்தான் செய்கிறது. இறுதி முடிவை இதழின் சொந்த ஆசிரியரிடமே வைத்துக்கொள்கிறது. விருந்தினர் ஆசிரியரே கட்டுரை எழுதினால் அதை வேறொருவர் கையாள்வார்.

இந்தக் காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்தாவி ஒரு பாடம். 1997-இல் எகிப்தின் கெய்ரோவில் தொடங்கிய பதிப்பகம் அது. வாசகர் இலவசமாகப் படிக்கலாம். வெளியீட்டுக் கட்டணத்தை ஆய்வாளர் தரப்பு கட்ட வேண்டும். கட்டுரை கூடினால் வருமானமும் கூடும். சிறப்பிதழ்கள் பெருகின. 2021-இல் அமெரிக்காவின் வைலி நிறுவனம் ஹிந்தாவியை ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே சிறப்பிதழ்களில் மோசடி நடப்பது தெரியவந்து, அவற்றைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் உள்ளே புகுந்திருந்தன. 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட ஹிந்தாவி கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில், ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

நானோ துகள் ஆய்விதழ் ஒன்றில் வேறு விதமான ஏமாற்று. பெயர்பெற்ற அறிஞர்களைப் போல நடித்து, பல்கலைக்கழக முகவரி போலவே தோன்றும் போலி மின்னஞ்சல்களிலிருந்து சிலர் சிறப்பிதழுக்கு அனுமதி வாங்கினார்கள். கட்டுரைகள் சில வெளிவந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

திருட்டைக் காட்டிக்கொடுத்தது சில இடங்களில் மொழிதான். பிறர் கட்டுரையைத் திருடி, மென்பொருளால் சொற்களை மாற்றிப் போடும்போது கலைச்சொற்கள் சிதைகின்றன. பிரான்சின் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2021-இல் இவற்றைத் தேடிப் பட்டியலிட்டார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘போலி உணர்வு’ என்ற பொருளில் ஒரு தொடர். மார்பகப் புற்றுநோய்க்குப் பதிலாக ‘நெஞ்சு ஆபத்து’. துறை தெரிந்த ஒருவர் ஒரு முறை படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். அப்படியானால், படித்ததாகச் சொன்னவர்கள் படிக்கவே இல்லை.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் பிள்ளைகள் பலர் முதுகலை, முனைவர் பட்டம் படிக்கிறார்கள். பட்டம் முடிக்கவும் விரிவுரையாளர் வேலைக்கும் பல இடங்களில் அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து ஹிந்தாவியின் 19 இதழ்கள் நீக்கப்பட்டன. அத்தகைய இதழில் நேர்மையாக எழுதியவரின் உழைப்பும் சந்தேகத்தின் நிழலில் நின்றுவிடுகிறது.

‘எங்கள் சிறப்பிதழுக்கு எழுதுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். உங்கள் துறைக்கும் அந்தத் தலைப்புக்கும் தொடர்பு உண்டா? விருந்தினர் ஆசிரியரின் பெயர் அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கிறதா? இறுதி முடிவை யார் எடுக்கிறார்கள் என்று இதழ் எழுதி வைத்திருக்கிறதா? முந்தைய கட்டுரைகள் வந்த தேதியும் ஏற்கப்பட்ட தேதியும் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கும். சில நாள் இடைவெளியில் எல்லாமே ஏற்கப்பட்டிருந்தால் யோசியுங்கள். ஒரே கூட்டத்தின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தாலும் யோசியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மேற்பார்வையாளரிடமோ பல்கலைக்கழக நூலகரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருத்தச் சொல்லித் திரும்பி வரும் கட்டுரை மனத்தை நோகடிக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஆனால் யாரோ ஒருவர் அதை வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.