அடிக்கடி விழும் சிறுவன்: சோம்பலா, நோயா?

ஒரு குழந்தை தரையிலிருந்து எழுந்து நிற்பது எவ்வளவு எளிய செயலாகத் தோன்றுகிறது! ஆனால் அந்த ஒரு செயலுக்கு மூளை, தண்டுவடம், நரம்பு, தசை ஆகிய நான்கும் இசைந்து பணியாற்ற வேண்டியிருக்கிறது. மூளை கட்டளையிடுகிறது. தண்டுவடம் அதைக் கடத்துகிறது. நரம்பு அதைத் தசை வரை கொண்டு சேர்க்கிறது. தசை சுருங்கி எலும்பை அசைக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதுபட்டாலும் வெளியே தெரிவது பலவீனம் ஒன்றுதான். பழுது எந்தக் கண்ணியில் என்று கண்டறிவதே மருத்துவரின் முதல் வேலை. அதைக் கண்டறியாமல் செய்யும் சிகிச்சை, இருட்டில் எறிந்த கல்லுக்கு ஒப்பாகும்.

நரம்பா, தசையா?

நரம்பு கெட்டால் பெரும்பாலும் உணர்ச்சியும் கெடும். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் தோன்றும் எரிச்சலும் மதமதப்பும் இதற்குச் சான்று. தொழுநோயிலும் நரம்பு பாதிக்கப்படுவதால்தான் தேமலில் உணர்ச்சி மறைகிறது. தசை நோய் அவ்வாறன்று. தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும். வலிமை மட்டுமே குறையும். அதுவும் பெரும்பாலும் இடுப்பிலும் தோளிலும் தொடங்கும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கோளாறு ஏற்பட்டாலோ, காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் கண்ணிமை சரியும், பேச்சுக் குழறும்.

நோய் வந்த வேகமும் ஒரு துப்பாகும். கால்களில் தொடங்கிய பலவீனம் சில நாட்களிலேயே மேல்நோக்கி ஏறினால் அது கில்லன் பாரி என்னும் நரம்பு நோயாக இருக்கலாம். மூச்சுவிடும் தசைகளையும் அது தாக்கக் கூடுமாதலால், அன்றைய தினமே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தேயும் பலவீனமோ வேறு கதையைச் சொல்கிறது. சிறுவர்களிடையே அத்தகைய நோய்களுள் முதன்மையானது டூசென் தசைச் சிதைவு நோய்.

சிறுவர்களைத் தாக்கும் நோய்

பிரான்சு நாட்டு மருத்துவர் டூசென் 1860களில் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். நோயாளியின் உடலிலிருந்து சிறு தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கத் தாமே ஒரு கருவியையும் உருவாக்கினார். ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரை இது தாக்குகிறது. தசையிழைகளைக் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இக்குழந்தைகளின் உடலில் உருவாவதில்லை. ஆகவே ஒவ்வொரு அசைவிலும் தசை சிறிது சிறிதாகச் சிதைகிறது. சிகிச்சை இன்றேல், பெரும்பாலோர் 12 வயதுக்குள் நடக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றனர்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! இந்நோயை முதலில் காணக் கூடியவர்கள் நீங்கள்தாம். குழந்தை பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லையா? அடிக்கடி விழுகிறானா? குதிகால் ஊன்றாமல் நடக்கிறானா? படியேறத் திணறுகிறானா? கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தோன்றுகிறதா? அவனைத் தரையில் உட்கார வைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, பின்பு முழங்காலையும் தொடையையும் கைகளால் பற்றி, தன் உடல்மீதே தான் ஏறுபவனைப் போல் எழுந்தால் எச்சரிக்கை அடையுங்கள். இலண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879இல் விளக்கிய அடையாளம் இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மதரஸாவில் பாயில் அமர்ந்து ஓதும் பிள்ளைகளிடமும், ஸஜ்தாவிலிருந்து எழும் பிள்ளைகளிடமும் இதனை எளிதில் காணலாம். அத்தகைய சிறுவனைச் சோம்பேறி என்று ஏசுவதும், ஓடச் சொல்லித் தண்டிப்பதும் பெரும் அநீதியாகும். அளவுமீறிய உடற்பயிற்சி அவன் தசையை மேலும் சிதைக்கவே செய்யும்.

சோதனைகள் எவை?

முதற் சோதனை மிக எளியது. சி.பி.கே. என்னும் இரத்தப் பரிசோதனை அது. தசை சிதையும்போது அதிலுள்ள நொதி இரத்தத்தில் கலக்கிறது. நலமுள்ள குழந்தைக்குச் சில நூறு யூனிட்டைத் தாண்டாத இவ்வளவு, டூசென் நோயில் 10,000 யூனிட்டையும் தாண்டுவதுண்டு.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கல்லீரல் சோதனையில் பார்க்கப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டும் தசையிலும் இருக்கின்றன. ஆகவே இவை உயர்ந்திருப்பதைக் கண்டு, கல்லீரல் நோயென்று கருதி மாதக் கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு. மஞ்சள் காமாலை ஏதுமின்றி இவை மட்டும் உயர்ந்து, குழந்தையும் நடையில் பின்தங்கினால், "சி.பி.கே. பார்க்கலாமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நரம்பா தசையா என்ற ஐயம் நீடித்தால் மின்சோதனைகள் செய்யப்படும். நரம்பில் சிறு மின்னதிர்வு செலுத்தி அதன் வேகத்தை அளப்பது ஒன்று. மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி அதன் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது மற்றொன்று. டூசென் என்ற ஐயம் வலுவாக இருப்பின் இவற்றைத் தாண்டி நேரே மரபணுச் சோதனைக்கே செல்வர். இந்நோய்க்குரிய மரபணு 1986இல் கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டோ இரட்டித்தோ இருப்பதை ஒரு சோதனையும், எழுத்துப் பிழை போன்ற நுண்பிழையை வேறொரு சோதனையும் காட்டும். இரண்டிலும் விடை கிடைக்காதபோதே தசைத் துணுக்குச் சோதனை தேவைப்படுகிறது. எனவே முதற்சோதனை சரியாக இருக்கிறது என்றவுடன் தேடுதலை நிறுத்திவிடலாகாது.

தாயைப் பழிக்காதீர்!

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய் வழியாக மகனுக்கு வரக் கூடியது. "உன் குடும்பத்து நோய்" என்று மருமகளைக் குத்திக் காட்டும் மாமியார்களும் நாத்தனார்களும் ஓர் உண்மையை அறிய வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இப்பிழை புதிதாகவே தோன்றுகிறது. தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும், தன் உடலின் மரபணுவைத் தானே எழுதிக் கொண்டவர் எவரும் உண்டா?

தாய்க்கும் சோதனை செய்வது பழி சுமத்துவதற்காக அன்று. அவரிடம் பிழை இருப்பின், பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவருடைய இதயத்தையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அவர் சகோதரிகளும் விவரம் அறிவது நல்லது. டூசென் நோய் சொந்தத்தில் மணம் முடிப்பதால் வருவதன்று. ஆயினும் தண்டுவட நரம்பணுக்களைத் தாக்கும் எஸ்.எம்.ஏ. போன்ற வேறு சில நோய்களுக்கு உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் அத்தகைய நோய் இருப்பின் நிக்காஹ் பேசும் முன்பே மரபணு ஆலோசனை பெறுவது அறிவுடைமை.

அறிந்து என்ன பயன்?

"தீராத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கின்றனர். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது உண்மையே. ஆனால் உரிய வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. இதயத்தையும் மூச்சையும் முன்கூட்டியே கண்காணித்தால் ஆயுளும் நீள்கிறது. மரபணுப் பிழையின் வகைக்கேற்ற சில மருந்துகள் வெளிநாடுகளில் அனுமதி பெற்றுள்ளன. அவற்றின் விலை மிகுதி, பயனும் வரம்புக்குட்பட்டதே. எனினும், பிழை எதுவெனத் தெரியாதவனுக்கு அந்த வாயிலும் திறக்காது. அறுவை சிகிச்சை நேரிட்டால், சில மயக்க மருந்துகள் இவர்களின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். நோயை முன்னரே அறிந்தால்தான் மருத்துவர் அவற்றைத் தவிர்க்க முடியும்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவு நோயையும் ஏற்றுக் கொண்டுள்ளது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புக்குச் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையுண்டு. கால் தளர்ந்தாலும் அறிவு வளரும் பிள்ளை அவன். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.

தாயத்துக் கட்டியும் எண்ணெய் தேய்த்தும் எலும்பு வைத்தியரிடம் நடந்தும் கழிக்கும் ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. அல்லாஹ்விடம் கையேந்தி துஆச் செய்யுங்கள். அதே வாரத்தில் குழந்தைநல மருத்துவரிடமும், அவர் சொன்னால் நரம்பியல் நிபுணரிடமும் செல்லுங்கள். உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, தெருவிலோ தொடையைப் பிடித்து எழும் சிறுவன் ஒருவன் இருப்பின், இந்த இதழை அவன் பெற்றோரிடம் இன்றே கொடுங்கள்.