சார்ஜ் ஏறுது... ஃபைல் ஏறலை!

போனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைப்பது, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகளைப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைப்பது மாதிரி! ஒயரைச் செருகினால் சார்ஜ் ஜோராக ஏறுகிறது. கம்ப்யூட்டரோ 'யாருப்பா நீ?' என்று முழிக்கிறது.

காரணம் கேளுங்கள். சில மலிவு ஒயர்களில் கரண்டுக்கு மட்டும்தான் கம்பி. டேட்டாவுக்குக் கம்பியே கிடையாது! நல்ல ஒயர் என்றாலும், 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து 'சார்ஜ் மட்டும்' என்பதே வழக்கம். திரையை மேலிருந்து இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று நாம்தான் மாற்றணும்.

'வாட்ஸ்அப்ல அனுப்பேன்' என்பார் பக்கத்து சீட்டுக்காரர். சும்மா போட்டோவாக அனுப்பினால் படம் இளைத்துவிடும், டாகுமெண்ட்டாக அனுப்பணும்.

என் பழைய போனில் மறைந்த அப்பாவின் குரல் இருந்தது. ஒயரை மாற்றித்தான் மீட்டேன். உங்க போனிலும் யாராவது இருப்பாங்க... அது கண்ணை மூடறதுக்குள்ளே காப்பி எடுத்துடுங்க சார்!